ஜோடியாக பீர் குளியல்: போகலாமா, எதைப் பார்த்துப் போவது?

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டிசம்பரில் திருமண நாளுக்காக மனைவியோடு ப்ராக், வியன்னா என்று பயணம் வைத்திருக்கிறார். பெரிய மரத்தொட்டியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து, பக்கத்துக் குழாயில் பீர் பிடித்துக் குடித்தபடியே குளிக்கும் வீடியோவைப் பார்த்து அவருக்கு ஆசை. அவர் எப்போதாவது பீர் குடிப்பவர். மனைவி தொடுவதே இல்லை. பீரில் போய்க் குளிப்பதா என்று தயங்குகிறார். கொடுக்கிற காசுக்குத் தகுமா, சுத்தமாக இருக்குமா, உடம்புக்கு நல்லது என்கிறார்களே அது உண்மையா, இதெல்லாம் புதுச்சேரியிலேயே கிடைக்காதா என்பவை அவருடைய கேள்விகள்.

புதுச்சேரியில் ஸ்பா வேலையிலும், அந்த வேலைக்கு வரும் பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதிலும்தான் என் காலம் போயிருக்கிறது. வெந்நீர்த் தொட்டி, நீராவி, மசாஜ் எல்லாம் எனக்கு அன்றாடம். செக் நாட்டில் என் கணவரோடு பீர் குளியலுக்கும் போயிருக்கிறேன். தாராளமாகப் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் பீருக்காகப் போகாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில், கதவைச் சாத்திக்கொண்டு, போன் இல்லாமல், நீங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காகப் போங்கள். அப்படிப் போனால் உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் அது அதிகம் பிடிக்கும். நான் பார்த்தவரை குடிக்காதவர்கள்தான் இந்தக் குளியலை முழுதாக அனுபவிக்கிறார்கள்.

முதலில் அவருடைய தயக்கத்துக்கு வருவோம். தொட்டியில் இருப்பது பீர் இல்லை. பெரும்பாலும் சுத்தமான வெந்நீர். அதில் பீர் காய்ச்சுவதற்கான பொருட்களைக் கலக்குகிறார்கள்: பொடித்த ஹாப்ஸ் பூ, அரைத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி), பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட். சில இடங்களில் கொஞ்சம் கறுப்பு பீரும் ஊற்றுவார்கள். கலவையை ஒரு மரவாளியில் கொண்டுவந்து உங்கள் கண் முன்னாலேயே கொட்டிக் கிளறுவது பல இடங்களில் வழக்கம். இரண்டு பேர் உட்காரும் பெரிய தொட்டி ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் பிடிக்கும். அத்தனை தண்ணீரில் கலந்தபின் சாராய வாடை என்று ஒன்று மூக்கில் ஏறாது. வருவது மால்ட் வாசனை. ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்ததும் வருமே, கிட்டத்தட்ட அதுதான். ஹார்லிக்ஸும் மால்ட் ஆன பார்லிதானே. அதோடு ஹாப்ஸின் லேசான கசப்பு வாசனை, பச்சிலை கசக்கியதுபோல. நம் ஊரில் பீர் என்றாலே கடை வாசலில் நிற்கும் கூட்டமும் அந்த நெடியும்தான் பெண்களுக்கு நினைவுக்கு வரும். பார் பக்கமே போகாத ஒருவர் இதைச் சொல்லித் தயங்குவது நியாயமான தயக்கம். அவரிடம் ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்லிக் கடக்காமல், தொட்டியில் என்னென்ன போடுகிறார்கள் என்பதைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தொட்டிக்குள் ஒருவர் கணவருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இருவருக்குமே அந்த மணி நேரம் வீண்.

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண் பூ. பச்சை நிறத்தில், சின்னப் பைன் காய் மாதிரி அடுக்கடுக்கான இதழோடு இருக்கும். இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி போன்ற பிசின். பீருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதான். பீர் சீக்கிரம் கெடாமல் இருக்கவும் அதுவே காரணம், சில வகைப் பாக்டீரியாக்களை அது வளரவிடாது. செக் நாட்டில் ஜாதெட்ஸ் என்ற ஊரைச் சுற்றி விளையும் ஹாப்ஸ் உலகப் பெயர் பெற்றது. அந்த ஊரையும் அதன் ஹாப்ஸ் வயல்களையும் 2023-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆக, இந்தக் குளியல் அந்த நாட்டில் பரவியதில் ஆச்சரியம் இல்லை. தலைக்கு இத்தனை லிட்டர் பீர் என்று கணக்குப் போட்டால் உலகிலேயே முதலிடத்தில் இருப்பது செக் மக்கள்தான். வெந்நீர் ஊற்றுகளில் குளித்து உடம்பைத் தேற்றும் வழக்கமும் அங்கே பல நூற்றாண்டுப் பழக்கம். கார்லோவி வாரி, மரியான்ஸ்கே லாஸ்னே, ஃப்ராந்திஷ்கோவி லாஸ்னே என்ற மூன்று செக் ஊர்கள், ஐரோப்பாவின் பெரிய குளியல் நகரங்கள் என்ற பெயரில் 2021-இல் யுனெஸ்கோ அறிவித்த பதினோரு ஊர்களில் இருக்கின்றன. இரண்டு பழக்கமும் ஒரே தொட்டியில் சேர்ந்தது மட்டும் சமீபத்தில். மரியான்ஸ்கே லாஸ்னேவுக்குப் பக்கத்தில் ஹொதோவா ப்ளானா என்ற சிற்றூரில் ஹொதோவார் என்ற பழைய பீர் ஆலை இருக்கிறது. அவர்கள் 2006-இல் பீர் குளியல் தொடங்கினார்கள். ப்ராகில் நீங்கள் பார்க்கப்போகும் கடைகள் பலவும் அதற்குப் பின்னால் வந்தவை. துறவிகள் குளித்தார்கள், அரசர்கள் குளித்தார்கள் என்று விளம்பர அட்டையில் எழுதியிருந்தால் அதை வைத்து இடத்தைத் தேர்வு செய்யாதீர்கள்.

அடுத்து உடம்புக்கு நல்லதா என்ற கேள்வி. இதில் நான் கறாராகவே சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் துறையில் இந்தப் பேச்சு அளவு மீறிப் போகிறது. பீர் ஈஸ்டில் பி வைட்டமின்கள் உண்டு, உண்மை. அது தோல் வழியாக உடம்புக்குள் போகும் என்பதை நம்பாதீர்கள். நம் தோலின் மேலடுக்கு கொழுப்பால் பூசப்பட்ட சுவர். தண்ணீரில் கரையும் வைட்டமின்களுக்கு அது எளிதில் வழிவிடாது. மூலக்கூறு எடை ஏறக்குறைய 500 டால்டனை (மூலக்கூறு எடையை அளக்கும் அலகு) தாண்டினால் தோலைக் கடப்பது மிகக் கடினம் என்பது மருந்துத் துறையின் பொது விதி. பி12 வைட்டமினின் எடை 1,355. இருபது நிமிடம் ஊறுவதால் அது உள்ளே போகாது. நச்சு வெளியேறும், முகப்பரு போகும், கொழுப்பு கரையும் என்பதற்கும் மதிப்பு இல்லை.

நல்லது செய்வது வெந்நீர். கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்தால் உடல் எடை மிதப்பில் குறைகிறது, மூட்டுகளுக்கு ஓய்வு. தண்ணீரின் அழுத்தம் கால்களில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாள் முழுக்கக் கல் பதித்த தெருக்களில் நடந்த கால்களுக்கு இதைவிடச் சுகம் இல்லை. சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெளியே வந்தபின் உடலின் உள்சூடு மெல்ல இறங்கும்போது தூக்கம் தானாக வரும். ஹாப்ஸ் வாசனைக்கும் தூக்கத்துக்கும் தொடர்பு சொல்லித் தலையணைக்குள் உலர்ந்த ஹாப்ஸ் வைத்துத் தைக்கும் பழக்கம் ஐரோப்பாவில் உண்டு. அந்த வாசனையில் எனக்கும் கண் செருகியது. மால்ட், ஈஸ்ட் கலந்த தண்ணீரிலிருந்து எழுந்தால் தோல் அன்று முழுக்க வழுவழுப்பாக இருக்கும், அதுவும் உண்மை. இவ்வளவுதான் பலன், இதுவே போதும்.

யார் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமாக இருந்தாலோ இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலோ இந்தத் தடவை வேண்டாம். சூடான தொட்டி, முக்கியமாக முதல் மூன்று மாதத்தில், நல்லதல்ல. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், காய்ச்சல், ஆறாத புண் இருந்தாலும் தவிர்க்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். எழுந்திருக்கும்போது தலை சுற்றும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு தெரியாது, அதனால் தொட்டியின் சூட்டை அடுத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹாப்ஸ் சிலருக்குத் தோல் தடிப்பைக் கொண்டுவரும், ஹாப்ஸ் பறிக்கும் கூலியாட்களுக்கு அது பழைய தொந்தரவு. உங்கள் மனைவிக்கு மென்மையான தோல் என்றால் முழங்கையை மட்டும் முதலில் ஐந்து நிமிடம் நனைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளித்த பிறகு வைக்கோல் மெத்தையில் படுக்க வைப்பது அங்கே பல இடங்களில் வழக்கம். பார்க்க அழகு, ஆனால் ஆஸ்துமா, தூசி ஒவ்வாமை இருப்பவர் சாதாரணக் கட்டில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி சுத்தம். நீங்கள் கேட்ட கேள்விகளில் இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுப்பேன்.

நீச்சல் குளத்துத் தண்ணீரைக் குளோரின் காக்கிறது. பீர் தொட்டியில் அது நடக்காது. மால்ட், ஈஸ்ட், ஹாப்ஸ் எல்லாம் கரிமப் பொருட்கள். குளோரினைப் போட்டால் அவை அதைத் தின்று தீர்த்துவிடும், கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. சூடான, சத்துள்ள தண்ணீர் வேறு. அதனால் இந்தக் குளியலில் சுத்தத்துக்கு ஒரே வழி, ஒவ்வொரு ஜோடிக்கும் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புவது. முன்பதிவு செய்யும்போது இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: எங்களுக்கு முன்னால் குளித்தவர்களின் தண்ணீரை முழுதாக வடித்துவிடுவீர்களா? நல்ல இடங்கள் தயங்காமல் ஆம் என்பார்கள். நீங்கள் உள்ளே போகும்போது குழாயில் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தால், அல்லது கலவையை உங்கள் முன்னால் கொட்டினால், நிம்மதியாக இறங்கலாம். ஏற்கெனவே நுரைத்து நிற்கும் தொட்டியைக் காட்டி இறங்கச் சொன்னால், எப்போது நிரப்பியது என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், காசு உங்களுடையது, தோலும் உங்களுடையது.

மரத்தொட்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். மரத்தின் இடுக்கில் ஈரம் தங்கும். குமிழி விடும் ஜெட் வைத்த தொட்டி என்றால் அதன் குழாய்க்குள்ளும் பழைய தண்ணீர் தேங்கும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவுக்கு இப்படிப்பட்ட இடம்தான் பிடிக்கும். அது தோலின் மயிர்க்கால்களில் புகுந்தால் சில மணி நேரத்திலோ சில நாளிலோ சிவந்து அரிக்கும் கொப்புளங்கள் வரும், நீச்சல் உடை ஒட்டியிருந்த இடத்தில் அதிகமாக. பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானே ஆறிவிடும் என்றாலும் விடுமுறையில் யாருக்கு அது வேண்டும்! தொட்டியின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழவென்று பாசி போல இருந்தாலோ, புளித்த துணி நாற்றம் அடித்தாலோ, அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இன்னொன்றும் செய்ய வேண்டும், இது எங்கள் பெண்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: குளியலுக்கு முந்தைய நாளும் அன்றைக்கும் வேக்சிங், ஷேவிங் எதுவும் வேண்டாம். வெளிநாட்டுப் பயணம் என்று கிளம்பும் முன் பார்லருக்குப் போவது வழக்கம், அதைக் குளியலுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே முடித்துவிட வேண்டும். வேக்ஸ் செய்த தோலில் திறந்திருக்கும் துளைகள் வழியாகத்தான் தொற்று ஏறுகிறது.

உடை பற்றி உங்கள் மனைவி கேட்கத் தயங்கியிருப்பார், அதனால் நானே சொல்கிறேன். பெரும்பாலான இடங்களில் ஜோடிக்குத் தனி அறை. தாழ்ப்பாள் உள்ளிருந்து போட முடியுமா என்று பாருங்கள்; கலவை போட்டுவிட்டு ஊழியர் போய்விடுவார், நேரம் முடியும்போது கதவைத் தட்டுவார் அல்லது மணி அடிப்பார். செக்காரர்கள் உடை இல்லாமல் இறங்குவது சகஜம். நீச்சல் உடையோடு இறங்கினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பழைய உடையாக, அடர் நிறத்தில் எடுத்துப் போகட்டும். மால்ட் கறை வெள்ளைத் துணியில் லேசாகப் பிடிக்கும், வாசனையும் ஒரு துவைப்புக்குத் தாங்கும்.

தாலி விஷயமும் இருக்கிறது. கழற்றச் சொல்லித் துண்டறிக்கையில் நகைகள் என்று பொதுவாகப் போட்டிருப்பார்கள். தங்கச் சங்கிலியில் கோத்திருந்தால் கவலை இல்லை, பின்னால் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். மஞ்சள் கயிறாக இருந்தால் அது மால்ட் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், ஈஸ்ட் தங்கினால் அடுத்த நாள் வாடை வரும். அதனால் தண்ணீர் மட்டம் நெஞ்சுக்குக் கீழே இருக்கும்படி உட்காரலாம், அல்லது கயிறை மேலே தூக்கிப் பின்கழுத்தில் ஒரு கைத்துண்டுக்குள் சுற்றிக்கொள்ளலாம். வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கறுக்க வாய்ப்பு உண்டு, அவற்றை ஹோட்டலிலேயே வைத்துவிடுங்கள். நீளமான கூந்தலை உச்சியில் கொண்டையாகப் போட்டு மேலே ஒரு தொப்பி. ஹாப்ஸ் துணுக்குகள் தலைமுடியில் புகுந்தால் சீப்புக்கும் வராது, டிசம்பர் குளிரில் ஈரத்தலையோடு தெருவில் இறங்கவும் முடியாது. ப்ராகில் அந்த மாதம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

சரி, குடிப்பது. பெரும்பாலான இடங்களில் தொட்டிக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். நம்மவர்களுக்கு இது தனி மயக்கம். தம்பி, இதில் என் பேச்சைக் கேளுங்கள்: தொட்டியில் இருக்கும்போது ஒரு கிளாஸுக்கு மேல் வேண்டாம், மிச்சத்தை வெளியே வந்து, படுத்து, உடம்பு ஆறிய பிறகு குடியுங்கள். வெந்நீர் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, ஆல்கஹாலும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். தொட்டியில் உட்கார்ந்திருக்கும்வரை தெரியாது, எழுந்து நிற்கும்போதுதான் கண் இருட்டும். கீழே ஈர மரப்பலகை. ஸ்பாவில் நடக்கும் விபத்துகளில் பாதிக்குமேல் தொட்டியில் இருந்து எழும் அந்தக் கணத்தில்தான் என்பது என் அனுபவம். மெதுவாக எழுந்து விளிம்பில் அரை நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் காலை வெளியே வையுங்கள். இடையிடையே தண்ணீரும் குடியுங்கள். தண்ணீரில் ஊறினாலே சிறுநீர் அதிகம் சுரக்கும், பீர் அதை இன்னும் கூட்டும். உள்ளே இறங்கும் முன் டாய்லெட் போய்விட்டு வருவதும் நல்லது.

இன்னொரு செய்தி. செக் பீர்ப் பலகையில் 10, 12 என்று எண் போட்டிருப்பார்கள். அது ஆல்கஹால் அளவு அல்ல. ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பதற்கு முன் மால்ட் சாற்றில் கரைந்திருந்த சத்தின் அளவு. 10 என்றால் ஏறக்குறைய 4 சதவீத ஆல்கஹால், 12 என்றால் 5 சதவீதம் அளவில். புதுச்சேரிக் கடைகளில் 8 சதவீதம் வரை வரும் ஸ்ட்ராங் பீருக்குப் பழகியவர், இது லேசுதானே என்று நாலைந்து கிளாஸ் ஏற்றிக்கொள்வார். சூட்டில் அது வேறு மாதிரி ஏறும். வாடகைக் கார் எடுக்கும் எண்ணம் இருந்தால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் துளி ஆல்கஹால்கூட இருக்கக் கூடாது என்பது செக் சட்டம், சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். உங்கள் மனைவிக்கு பிரெல் என்ற ஆல்கஹால் இல்லாத பீர் எங்கும் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் கோஃபோலா கேளுங்கள், மூலிகை வாசனை கலந்த செக் கோலா. அவர்களின் சொந்தப் பானம், பல இடங்களில் பீர் போலவே குழாயில் பிடித்துத் தருவார்கள். கையில் ஒரு பெரிய கண்ணாடிக் கோப்பையோடு அவரும் உட்காரலாம், ஒதுங்கிய மாதிரி இருக்காது.

எங்கே போவது? நேரம் இருந்தால் ப்ராகில் செய்யாதீர்கள் என்பேன். ப்ராக் நடுநகரத்து இடங்கள் வசதியானவைதான், ஓக் மரத்தொட்டி, குளிர்காயும் அடுப்பு, வைக்கோல் கட்டில், மால்ட் ரொட்டி எல்லாம் இருக்கும். ஆனால் ஒரு ஜோடி வெளியேறும்போது அடுத்த ஜோடி வாசலில் நிற்கும். அந்த அவசரம் அறைக்குள்ளும் தெரியும். ப்ராகிலிருந்து ரயில் பில்சன் வழியாக மரியான்ஸ்கே லாஸ்னே போகிறது, மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். பில்சனில் இறங்கி, 1842-இல் உலகத்துக்குப் பொன்னிற பீரைக் கொடுத்த ஆலையைப் பார்க்கலாம். உங்கள் மனைவிக்கும் அது சலிக்காது, நிலத்தடிக் குகைகள் அத்தனை நீளம். பில்சன் ஓரத்திலேயே பீர் குளியல் உண்டு. அல்லது இன்னும் போய் ஹொதோவா ப்ளானாவில் தங்குங்கள். அது மரியான்ஸ்கே லாஸ்னேவுக்குக் கொஞ்சம் முன்னால். அங்கே ஆலையின் தாதுநீரில் கறுப்புக் குளியல் பீரையும் ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் கலக்கிறார்கள். சூடு 34 டிகிரி அளவுதான், உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழே, இருபது நிமிடம். எனக்கு இந்த அளவுதான் சரியென்று படுகிறது. 38-ஐத் தாண்டிய தொட்டியில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கும், நெற்றி வியர்க்கும், பேச்சே வராது. ஜோடியாகப் போவதே பேசத்தானே.

ஆஸ்திரியாவில் டைரோல் மலைப் பகுதியில் டாரென்ட்ஸ் என்ற ஊரின் கோட்டையில் பீர்க் குளமே கட்டினார்கள். ஆனால் அது வியன்னாவிலிருந்து நாட்டின் மறுகோடி, இதற்காக மட்டும் போகாதீர்கள். ஐஸ்லாந்தில் ஆர்ஸ்கோக்ஸாண்டுர் என்ற கடலோரக் கிராமத்தில் 2017-இல் ஒன்று திறந்தார்கள், உயிருள்ள ஈஸ்ட்டோடு இளம் பீரைத் தொட்டியில் சேர்ப்பது அவர்கள் முறை. உங்கள் பாதையில் அதுவும் இல்லை.

செலவு: ப்ராகில் ஒரு தொட்டியில் இருவர் என்றால் நூறு யூரோவுக்கு மேல் ஆகும். இரண்டு தொட்டி கேட்டால் கூடும், அதற்குத் தேவையும் இல்லை. மசாஜ், மால்ட் ஸ்க்ரப், ஷாம்பு பரிசுப் பெட்டி என்று கூடவே விற்பார்கள். குளியலும் படுக்கையும் மட்டும் எடுங்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைக்காக ஊரே நிறைந்திருக்கும், சில வாரம் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். மாதவிடாய்த் தேதி தள்ளி வந்தால் நாளை மாற்ற முடியுமா என்பதையும் பதிவின்போதே கேட்டுவையுங்கள். மாலையின் கடைசி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். முடிந்ததும் ரூமுக்குப் போய்த் தூங்கலாம். குளித்தபின் பல மணி நேரம் உடம்பைக் கழுவாதீர்கள், சத்து ஊறட்டும் என்பார்கள். ஊற ஒன்றும் இல்லை என்று மேலேயே சொன்னேன். படுத்து எழுந்தபின் பிசுபிசுப்பாக இருந்தால் தாராளமாக வெந்நீரில் அலசிக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் புதுச்சேரி. செக் முறைப்படி செய்யும் பீர் குளியலுக்கு நான் இங்கே எந்த இடத்தையும் பரிந்துரைக்க மாட்டேன். பீர் பேஷியல், பீர் ஹேர் வாஷ் என்று பார்லர்களில் போடுவது வேறு. சிலர் ஒயிட் டவுனில் தொட்டி வைத்த ரூம் எடுத்து, கடையில் வாங்கிய பாட்டில்களை ஊற்றிப் பார்க்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: ஓட்டல் தொட்டி ஏறக்குறைய 200 லிட்டர். 650 மில்லி பாட்டில் பத்து ஊற்றினாலும் ஆறரை லிட்டர், தண்ணீரில் மூன்று சதவீதம். அதுவும் வடிகட்டிய பீர், அதில் ஈஸ்ட் இல்லை, ஹாப்ஸும் பெயருக்குத்தான். கிடைப்பது பிசுபிசுப்பும் நாற்றமும் ஓட்டல்காரரின் கோபமும். பாட்டில்களைக் கடலூருக்குக் கொண்டுபோய் வீட்டில் செய்யலாம் என்று யாராவது சொன்னால், எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டியதும் அது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சோதனைச் சாவடியில் வண்டியோடு நிற்க வேண்டிவரும்.

ஜோடியாக வெந்நீரில் ஓய்வு என்பதுதான் தேவை என்றால் வேறு வழி இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சின்னமுதலியார்சாவடி பக்கம், கடலை ஒட்டி ஆரோவில்லின் குவையட் ஹீலிங் சென்டர் இருக்கிறது. அங்கே வாட்சு என்ற நீர்ச்சிகிச்சை தருகிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஹெரால்டு டல் என்பவர் 1980 வாக்கில் உருவாக்கிய முறை. உடம்புச் சூட்டுக்கு நெருங்கிய தண்ணீரில் பயிற்சி பெற்றவர் உங்களைக் கையில் தாங்கி மிதக்கவிட்டு மெல்ல அசைப்பார். ஐரோப்பா போகும் முன் உங்கள் மனைவி இதை ஒரு முறை செய்து பார்த்தால், வெந்நீரில் உடம்பை விடுவது தனக்கு ஒத்துவருகிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும்.

ஹாப்ஸ் வாசனைதான் ஆசை என்றால் மார்கழி மாலையில் வீட்டிலேயே கால் குளியல் செய்யலாம். ஹாப்ஸ் நம் பக்கம் வளராது, அதற்குக் கோடையில் நீண்ட பகல் வேண்டும். இந்தியாவில் ஹிமாசலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிடுகிறார்கள். உலர்ந்த ஹாப்ஸ் இணையத்தில் வாங்கலாம். ஒரு கைப்பிடியை மெல்லிய வேட்டித் துணியில் முடிந்து, கொதித்து இறக்கிய தண்ணீரில் கால் மணி நேரம் மூடி வையுங்கள். பார்லி அரிசியைத் தனியாக வேகவைத்து அந்தக் கஞ்சித் தண்ணீரை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெரிய பக்கெட்டில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, கெண்டைக்கால் வரை முங்கும்படி இருபது நிமிடம். ஆளுக்கு ஒரு பக்கெட், எதிரெதிர் நாற்காலி. வீட்டில் நாய் இருந்தால் முடிச்சில் மிஞ்சும் ஹாப்ஸைத் தரையில் விடாதீர்கள், அது நாய்க்குக் கடும் விஷம், தின்றால் உடம்புச் சூடு கட்டுப்பாடின்றி ஏறிவிடும். காகிதத்தில் சுற்றி மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.